ஒரே சார்ட், ஒரே ஜிம்: தம்பிக்கு உடம்பு ஏறுகிறது, எனக்கு ஏன் ஏறவில்லை?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 27 வயது. கோவையில் நைட் ஷிப்ட் வேலை. தம்பிக்கு 21, காலேஜில் படிக்கிறான், பள்ளியிலிருந்தே கபடி ஆடுபவன். ஏழு மாதத்துக்கு முன் இரண்டு பேரும் ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்தோம். டிரெய்னர் இருவருக்கும் ஒரே சார்ட்தான் கொடுத்தார்: ஒரு நாளைக்கு உடம்பில் ஒரு பாகம், எல்லாமே 3 செட், செட்டுக்கு 10 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்). நான் வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு வந்ததும் அவனை எழுப்பிக்கொண்டு ஜிம்முக்குப் போவேன். ஒரே வெயிட்டை மாற்றி மாற்றித் தூக்குவோம், கடைசி ரெப்களில் அவன் எனக்குக் கை கொடுப்பான். ஷிப்ட் காரணமாக நான் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுவேன். அப்புறம் ஒன்பது மணிக்குப் படுத்தால் மதியம் இரண்டுக்கு எழுந்து சாப்பிடுவேன். வீட்டில் அம்மா சமையல், இருவருக்கும் ஒரே சாப்பாடு. அவன் 64 கிலோவிலிருந்து 71 ஆகிவிட்டான், சட்டைக் கை இறுக்குகிறது. நான் 174 செ.மீ. உயரம், 58லிருந்து 59.5தான். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மட்டும் 30 கிலோவிலிருந்து 65 வந்திருக்கிறது. என் உடம்புவாகே இப்படித்தானா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? டிரெய்னர் 'உனக்கு ஒரு கோர்ஸ் போட்டால்தான் ஏறும்' என்கிறார். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்:

முதலில் அந்த ஸ்குவாட்டைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், அதைப் போய் 'மட்டும்' என்று போட்டுக் கடந்துவிட்டீர்கள். 30 கிலோ 65 ஆவது என்றால் ஏழு மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். பயிற்சிக்குக் கொஞ்சமும் மசியாத உடம்பு இதைச் செய்யாது. ஆரம்ப மாதங்களில் ஏறும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளின் வேலை: இருக்கிற தசையிலேயே கூடுதல் இழைகளை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை கற்றுக்கொள்கிறது, அசைவும் சீராகிறது, அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமலேயே தூக்கும் எடை ஏறும். தசையின் பருமன் வேறு வேகத்தில் வருகிறது. பலம் ஏறியிருக்கிறது, பருமன் இன்னும் ஏறவில்லை, இதுதான் இப்போது உங்கள் நிலை. இதை வைத்து உங்கள் உடம்பு பதிலே தராத உடம்பு என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

சரி, ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 585 ஆண்களையும் பெண்களையும் 12 வாரம் பழக்கினார்கள். அதிகம் பயன்படுத்தாத கைக்கு மட்டும் பயிற்சி, எல்லோருக்கும் ஒரே திட்டம், பக்கத்தில் நின்று கவனிக்க ஆள். முடிவில் எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தால், ஒரு கோடியில் இருந்தவருக்குப் பைசெப்ஸ் பருமன் 2 சதவீதம் குறைந்திருந்தது, மறு கோடியில் இருந்தவருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. ஒரே தடவையில் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் யாரோ ஒருவருக்கு ஏற்றமே இல்லை, இன்னொருவருக்கு 250 சதவீதம் ஏற்றம். பெரும்பாலானோர் நடுவில் இருந்தார்கள். இந்த இடைவெளி முழுவதும் உடம்பின் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எந்த அளவீட்டிலும் பிழை உண்டு, ஒரு பயிற்சியும் செய்யாதவரை மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தாலும் கொஞ்சம் கூடக்குறையத்தான் காட்டும். அந்த 2 சதவீதக் குறைவை 'ஒன்றும் ஆகவில்லை' என்று படிப்பதுதான் நியாயம்.

ஏன் இப்படி? தசைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 66 பேருக்கு 16 வாரம் தொடைக்குப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் ஊசியால் ஒரு துளி தசை எடுத்து ஆராய்ந்தார்கள், 2008இல் முடிவு வந்தது. தசை இழையின் பருமன் ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக 58 சதவீதம் ஏறியது, நடுக் கூட்டத்துக்கு 28, மூன்றாவது கூட்டத்துக்கு ஏறக்குறைய பூஜ்யம். நன்றாக வளர்ந்தவர்களிடம் பயிற்சி தொடங்கும் முன்பே சேட்டிலைட் செல்கள் அதிகம் இருந்தன. தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் செல்கள், இழை பருக்க வேண்டியிருக்கும்போது பெருகித் தங்கள் உட்கருவை இழைக்குக் கொடுக்கின்றன. புதுப் புரதம் கட்ட உத்தரவு போகும் இடம் உட்கருதான். அது அதிகம் இருந்தால் இழை பருக்க வசதி அதிகம். இது உங்கள் தவறும் இல்லை, உங்கள் தம்பியின் சாமர்த்தியமும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், டிரெய்னர் சொன்ன கோர்ஸுக்கு, அதாவது ஹார்மோன் ஊசிக்கு, சம்பந்தம் இருப்பதால். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பயிற்சி செய்துவந்த 49 இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவுக்கும் அவர்களுக்கு ஏறிய தசைக்கும் உருப்படியான தொடர்பு எதுவும் தெரியவில்லை. அந்த ஹார்மோனைப் பிடித்து வேலை வாங்கும் ஏற்பிகள் தசைக்குள் எவ்வளவு இருக்கின்றன என்பதில்தான், நன்றாக வளர்ந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆகவே 'உனக்கு ஹார்மோன் கம்மி, அதான் ஏறவில்லை' என்று இரத்தப் பரிசோதனைகூடப் பார்க்காமல் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே என்று கேட்பீர்கள். 1990இல் வெளியான, கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. உருவத்தில் ஒன்றுபோலவே பிறந்த 12 இரட்டையர் ஜோடிகளுக்கு, வாரத்தில் ஆறு நாள், தேவைக்கு மேல் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பாடு போட்டார்கள், கிட்டத்தட்ட மூன்று மாதம். எடை ஏறியது 4.3 கிலோவிலிருந்து 13.3 கிலோ வரை! ஆனால் ஒரே ஜோடிக்குள் இருவருக்கும் ஏறியது பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது, ஜோடிக்கு ஜோடிதான் பெரிய வித்தியாசம். மரபணுவின் கை எவ்வளவு நீளம் என்பது இதில் தெரிகிறது. அப்படிப்பட்ட இரட்டையர்களுக்கு மரபணு முழுதாக ஒன்று, உங்களைப் போன்ற அண்ணன் தம்பிக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. மீதிப் பாதியில் எவ்வளவோ மாறலாம்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். இந்த மாதிரி டெஸ்ட்களில் அதிகம் பேசப்படுவது ஏசிடிஎன்3 (ACTN3) என்ற மரபணு. அதன் ஒரு வடிவம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தவர்களின் வேகத் தசை இழைகளில் ஆல்ஃபா ஆக்டினின்3 என்ற புரதமே கிடையாது, உலகத்தில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் இப்படித்தான் இருக்கிறார்கள், நன்றாக நடமாடிக்கொண்டு. உலகத் தர ஓட்டக்காரர்களைப் பிரித்துப் பார்க்க அது கொஞ்சம் உதவும். உங்கள் கைச்சுற்று ஏறுமா என்று சொல்ல உதவாது, ஏனென்றால் தசை வளர்ச்சியில் நிறைய மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கெடுக்கின்றன. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

இதுவரை சொன்னது உங்களால் மாற்ற முடியாத பங்கு. உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: நீங்கள் இரண்டு பேரும் ஒரே பயிற்சியைச் செய்யவே இல்லை. சார்ட்டில் எழுதியிருப்பது ஒன்றாக இருக்கலாம், உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றாக இல்லை.

அவன் இரவு முழுக்கத் தூங்கி எழுந்து காலை ஆறரைக்கு வெயிட் தூக்குகிறான். நீங்கள் இரவு முழுக்க விழித்து வேலை பார்த்துவிட்டு, அநேகமாக ஒரு டீயோடு, அதே ஆறரைக்குத் தூக்குகிறீர்கள். கடிகாரம் ஒன்று, ஆனால் உங்கள் உடம்புக்கு அது நாளின் கடைசி மணி நேரம்.

ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்ற சார்ட்டில் ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அந்தப் பாகத்துக்கு அந்த வாரம் பயிற்சியே இல்லை, அடுத்த முறை வருவதற்குள் பதினாலு நாள் ஓடிவிடும். வாரம் ஒன்றிரண்டு நாள் விடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு நாள் சார்ட்டில் அது ஆறில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதுவும் நாம் விடும் நாள் பெரும்பாலும் நமக்குப் பிடிக்காத பாகத்தின் நாளாகவே அமையும், இதை நான் பார்க்கும் ஆட்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அப்புறம் அந்தக் கை கொடுக்கும் பழக்கம். தசை வளர்வதற்கு வேண்டிய தூண்டுதலில் பெரும்பங்கு, இழைகள் எல்லாம் வேலைக்கு வந்தாக வேண்டிய அந்தக் கடைசிச் சில கஷ்டமான ரெப்களில் கிடைக்கிறது. ஒரே வெயிட்டை இரண்டு பேரும் தூக்கும்போது, தம்பி பத்தையும் தானே முடிக்கிறான், பத்தாவது அவனுக்குக் கஷ்டம். உங்களுக்கு ஏழாவதிலேயே தீர்ந்துபோய், எட்டு, ஒன்பது, பத்தில் பாரை யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் செட்டில் ஒரு பங்கு அவனுக்கே கூடுதல் பயிற்சியாகப் போயிருக்கிறது! ஸ்குவாட்டில் மட்டும் ஏன் உங்களுக்கு நன்றாக ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்குவாட்டில் யாரும் அவ்வளவு சுலபமாகக் கை கொடுக்க முடியாது, வெயிட்டையும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித்தான் தீர வேண்டியிருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் நீங்கள் எழுதியதோடு பொருந்துகிறது.

கபடியும் உண்டு. வருடக்கணக்காக ஓடி, மடக்கி, இழுத்து ஆடிய உடம்பு எடைப் பயிற்சிக்கு வரும்போது புதிதாக வருவதில்லை. ஒரு காலத்தில் பழகி இடையில் விட்ட தசை, மறுபடி தொடங்கும்போது முதல் முறையைவிடச் சீக்கிரம் வளரும் என்பதும் தெரிந்த விஷயம். உங்கள் தம்பி இடையில் ஆட்டத்தைக் குறைத்திருந்தால், அவனுடைய ஏழு கிலோவில் ஒரு பகுதி பள்ளியிலேயே சம்பாதித்ததாக இருக்கும். தம்பி உங்களைவிடக் குட்டை என்றால் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நீளமான எலும்பின் மேல் அரை கிலோ தசை பரவினால் கண்ணுக்குத் தெரியாது, அதே அரை கிலோ குட்டையான கையில் சட்டையை இறுக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரே சமையல் என்பது ஒரே சாப்பாடு ஆகாது. அவன் ஜிம் முடிந்து வந்து டிபன், மதியம், சாயங்காலம் ஏதாவது, இரவு என்று நாலு வேளை சாப்பிடுவான். நீங்கள் பயிற்சி முடிந்து அப்படியே படுத்து, மதியம் இரண்டுக்குத்தான் முதல் வேளை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி சாதாரண ஆளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், உங்களுக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 50 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு அது போதாது, கிலோவுக்கு 1.6 கிராம் வரை போனால் பலன் இருக்கிறது, அதாவது உங்களுக்குச் சுமார் 95 கிராம். சோறு, சாம்பார், பொரியல், ரசம், இரண்டு முட்டை என்று ஒரு வேளையைத் தவறவிட்டுச் சாப்பிட்டால் ஐம்பதைத் தொடுவதே சிரமம். பவுடர் டப்பா கட்டாயம் இல்லை. நாலு முட்டையில் 24 கிராம் வரும், அரை லிட்டர் பாலில் 16, உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 25, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 அளவுக்கு, அசைவம் என்றால் சமைத்த கோழி மார்புக்கறி 100 கிராமிலேயே 30. ஜிம்மிலிருந்து வந்து படுப்பதற்கு முன் முட்டையும் பாலும் கட்டாயம் உள்ளே போக வேண்டும், தூங்கும்போதும் உடம்பு அதை எடுத்துக் கட்டும்.

புரதம் மட்டுமல்ல, மொத்தச் சாப்பாடும் ஏற வேண்டும். இதிலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1999இல் வந்த, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு அரை கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். சேராதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்துகொண்டிருந்தார்கள்: எழுவது, நடப்பது, உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுவது. 'எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது' என்று சொல்பவர்களில் பலர் இந்த ரகம். உங்களுக்கு ஏழு மாதத்தில் ஒன்றரை கிலோதான் ஏறியிருக்கிறது என்பதால், இப்போது சாப்பிடுவதோடு 300 முதல் 400 கலோரி சேர்த்துப் பாருங்கள், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் ஏறக்குறைய அதைக் கொடுத்துவிடும்.

தூக்கம் ஐந்து மணி நேரம் போதாது, அதிலும் பகல் தூக்கம். ஆஸ்திரேலியாவில் 13 இளம் வயதினரை ஒரே ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வைத்துப் பார்த்ததில், தசை புதிதாகப் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்தது. ஒரே இரவுக்கு அவ்வளவு. பகலில் தூங்குபவர் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுவார், உங்கள் நிலை அவர்களுடையதுபோல் மோசமில்லை, ஆனாலும் ஏழு மணி நேரமாவது வேண்டும். கனமான திரைச்சீலை போடுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள், மதியம் இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். இதை எழுதும்போதே எனக்கு நைட் ஷிப்ட்காரர்களை நினைத்து வருத்தமாகத்தான் இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் எடுக்கும் முயற்சியில் பாதி, வேலை நேரத்தை ஈடுகட்டவே போய்விடுகிறது.

இனி அந்தக் கோர்ஸ். தயவுசெய்து வேண்டாம். டிரெய்னர் சொல்வது அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் போல வேலை செய்து தசையை ஏற்றும் மருந்து. போட்டால் தசை ஏறும், அது உண்மை. வெளியிலிருந்து ஊசியாக ஹார்மோன் வந்தால், உங்கள் விரைகள் தாங்களே சுரப்பதை நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை விழும், நிறுத்திய பிறகு அது திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். நல்ல கொழுப்பு இறங்கும், இதயத் தசை தடிக்கும், மாத்திரையாக வரும் ரகங்கள் கல்லீரலைக் கெடுக்கும், மார்பில் கட்டி போலத் திசு வளரும். குப்பியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஸ்குவாட்டை இரட்டிப்பாக்கிய 27 வயது ஆளுக்கு, தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஊசியைப் பரிந்துரைப்பவரிடம் இனி உடம்பு விஷயமாக எதையும் கேட்க வேண்டாம். முடிந்தால் ஜிம்மை மாற்றுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு.

அடுத்த 12 வாரத்துக்கு நான் சொல்வது இது. அந்தச் சார்ட்டை விடுங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு: ஸ்குவாட் அல்லது டெட்லிப்ட், பெஞ்ச் பிரஸ் அல்லது ஷோல்டர் பிரஸ், ரோயிங் அல்லது புல்டவுன், கடைசியில் கைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 3 அல்லது 4 செட். ஒரு நாள் தவறினாலும் எந்தப் பாகமும் முழு வாரம் சும்மா இருக்காது. லீவு நாளில் ஒன்றை வையுங்கள், மற்ற இரண்டையும் முடிந்தால் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, ஷிப்டுக்குப் போகும் முன் வையுங்கள். தம்பியோடு போவது நின்றுவிடுமே என்றால் லீவு நாளில் சேர்ந்து போங்கள். வெயிட்டை உங்களுக்கென்று போடுங்கள்: எட்டிலிருந்து பன்னிரண்டு ரெப்புக்குள், இன்னும் ஒன்றோ இரண்டோதான் தூக்க முடியும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும், யாரும் கை கொடுக்கக் கூடாது, பார் மேலே விழாமல் பார்த்துக்கொள்ள நிற்கலாம். எல்லா செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வெயிட், ரெப். எடையை எழுந்தவுடன், கழிவறை போய்விட்டு வந்து, ஏதும் சாப்பிடும் முன், வாரம் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். கைச்சுற்றும் தொடைச்சுற்றும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில், பயிற்சி செய்யாத நாளில். ஜிம்மில் இருக்கும் உடல் கொழுப்புக் காட்டும் மெஷினை இதற்கு நம்ப வேண்டாம், உடம்புக்குள் சின்ன மின்சாரம் செலுத்தி நீரின் அளவை வைத்து அது கணக்குப் போடுகிறது, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால்கூட எண் மாறும். தம்பியின் எண்களை அந்த நோட்டில் எழுதவே கூடாது.

12 வாரத்தில் இரண்டு கிலோவாவது ஏறி, வெயிட்டும் ஏறியிருந்தால் அதையே தொடருங்கள். வெயிட் ஏறி உடம்பு எடை ஏறவில்லை என்றால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், பயிற்சியைத் தொடாதீர்கள், தட்டைக் கூட்டுங்கள். உடம்பு எடையும் வெயிட்டும் ஏறி, தசை அளவுகள் மட்டும் அசையவில்லை என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு செட் கூட்டலாம். பிரேசிலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு காலுக்கு ஒரு செட்டும் மற்றக் காலுக்கு நாலு செட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு செட்டில் வளராதவர்களில் பலருக்கு நாலு செட் கொடுத்த கால் வளர்ந்தது. ஆள் அதே ஆள், அளவுதான் போதாமல் இருந்திருக்கிறது. உங்கள் வயது வேறு என்றாலும் இந்த வழியை முயற்சி செய்து பார்க்காமல் உடம்புவாகு என்று முடிவு கட்டக் கூடாது.

இதற்கிடையில் ஒரு இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி. பகல் முழுக்கத் தூங்கி இரவு வேலை பார்ப்பவர் வெயிலையே பார்ப்பதில்லை, வைட்டமின் டி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினாலோ, நெஞ்சு படபடப்போ, அடிக்கடி தாகமோ, காரணமில்லாத களைப்போ இருந்தாலோ 12 வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே பக்கத்தில் உள்ள பொது மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி நோட்டை எடுத்து இந்த வாரமே முதல் பக்கத்தில் ஸ்குவாட் 65 என்று எழுதித் தொடங்குங்கள். 12 வாரம் கழித்து அந்தப் பக்கங்களோடு மறுபடி எழுதுங்கள், எண்களைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.